திரைவீரர் ஜெயன்

திருவனந்தபுரத்துக் கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு செல்லும் சாலைக் கடைத்தெருவை அறியாத தென்னாட்டு வணிகர் இலர் எனலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தர்மராஜா எனப் பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்ம மகாராஜாவின் ஆட்சியில், ராஜா கேசவதாசன் உருவாக்கிய அங்காடி அது. அத்தெருவோடு இணைந்த ஆரியசாலையில் தமிழும் மலையாளமும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வழங்கி வருகின்றன. ஆண்டுதோறும் நவராத்திரியின்போது பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவியோடும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையோடும் புறப்பட்டு வரும் வேளிமலைக் குமாரசுவாமி தங்கியிருப்பது ஆரியசாலைத் தேவி கோயிலில்தான். 1956-ஆம் ஆண்டில் மாநில எல்லைகள் மாறி, அம்மூன்று தெய்வங்களின் ஊர்களும் தமிழகத்தோடு சேர்ந்த பின்னரும் இவ்வழக்கம் தொடர்ந்து வருகிறது.

வேல் தாங்கிய கடவுள் விருந்தினராய்த் தங்கும் இத்தெருவில், ஆண்டு முழுவதும் நம் கண்ணுக்குப் புலப்படும் வீரம் வேறொன்று உண்டு. மூட்டை சுமக்கும் தோள்களின் வீரம் அது. அரிசியும் மிளகாய் வற்றலும் வெல்லமும் வெங்காயமும் லாரியிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வண்டிக்கும் ஏறியிறங்குவது அத்தோள்களின் வலிமையால்தான். இத்தெருவிலேயே கடை வைத்திருந்து, இத்தெருவின் மாந்தரையே தம் கதைகளில் வாழவைத்தவர் தமிழ் எழுத்தாளர் ஆ. மாதவன். அவருடைய 'கடைத்தெருக் கதைகள்' படித்தவர்க்கு, சுமை தூக்குவோரும் சில்லறைப் போக்கிரிகளும் எத்தகைய மனிதர் என்பது நன்கு தெரியும். அவர்களுக்கும் பசி உண்டு, அச்சம் உண்டு, நோய் வந்தால் கிடக்க ஒரு மூலையும் தேவைப்படுகிறது.

இத்தகைய மனிதரின் உடல் வலிமையைத் திரையில் ஏற்றி, அதற்கொரு பெருமையைத் தேடித் தந்த நடிகர் ஒருவரைப் பற்றியே இங்குக் கூறப் புகுகிறேன். அவர் மலையாளப் படவுலகின் ஜெயன். திரையுலகில் அவர் வாழ்ந்த காலம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளே. அவற்றுள்ளும் முன்னணிக் கதாநாயகராக விளங்கியது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலமே. ஆயினும், அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கேரளத்தில் அவருடைய நடையையும் குரலையும் அறியாத சிறுவரைக் காண்பது அரிது. இதற்குக் காரணம் என்ன? அவருடைய புகழ் எதன் மீது எழுந்தது? அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? இவற்றை ஆராய்ந்தால் சினிமாவைப் பற்றி மட்டுமன்றி, சினிமா பார்க்கும் நம்மைப் பற்றியும் சில உண்மைகள் புலனாகும்.

முதலில் பழைய வரலாற்றைச் சற்றே நோக்குவோம். தென்னிந்தியப் படங்களில் வீரம் என்பது நெடுங்காலம் வாளோடும் கிரீடத்தோடும் பிணைந்திருந்தது. 1948-இல் வெளிவந்த ஜெமினியின் 'சந்திரலேகா'வில் ரஞ்சனும் எம்.கே. ராதாவும் நிகழ்த்திய வாட்போரை அக்காலத்தவர் வியந்து பேசினர். பின்னர் 'மர்மயோகி' போன்ற படங்களில் எம்.ஜி. இராமச்சந்திரன் வாள் வீசி மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றார். மலையாளத்திலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. 1961-இல் உதயா ஸ்டூடியோ தயாரித்த 'உண்ணியார்ச்சா' முதலாக, வடக்கன் பாட்டுகளின் வீரர் பலர் திரைக்கு வந்தனர். பரிசையும் உருமியும் சுழற்றும் அவ்வீரர் பழங்காலத்து மனிதர்; நம் தெருவில் நாம் காணும் மனிதர் அல்லர்.

இக்கால மனிதனின் உறுதியைத் திரையில் காட்டியவர் என்ற பெருமை திருவனந்தபுரத்தை அடுத்த ஆராமடையில் பிறந்த சத்தியனுக்கு உரியது. சத்தியநேசன் என்பது அவருடைய இயற்பெயர். ஆசிரியராகவும் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகவும் பணியாற்றி, இரண்டாம் உலகப் போரில் படைவீரராக இருந்து, பிறகு போலீஸ் இன்ஸ்பெக்டராகவும் விளங்கியவர் அவர். 1952-இல் நேமத்து மெரிலாண்ட் ஸ்டூடியோவின் 'ஆத்மசகி' மூலம் திரைக்கு வந்தபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. 'நீலக்குயில்' படத்தின் ஆசிரியரும் 'செம்மீன்' படத்தின் பழனியும் அவர் படைத்த பாத்திரங்கள். இரத்தப் புற்றுநோய் உடலை அரித்துக்கொண்டிருந்தபோதும் நடிப்பதை நிறுத்தாமல், 1971-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் அவர் காலமானார். அவருடைய வலிமை உள்ளத்தின் வலிமை. முகத்தின் ஒரு சிறு அசைவில் அதை அவர் காட்டிவிடுவார். அவருக்குப் பின், உடல் முழுவதையுமே பேசவைக்கும் ஒரு நடிகருக்கு மலையாளப் படவுலகில் இடம் காலியாக இருந்தது.

அந்த இடத்துக்கு வந்தவர் கொல்லத்துக்காரர். 1939-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் கொல்லம் தேவள்ளியில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கிருஷ்ணன் நாயர். இளம் வயதிலேயே இந்தியக் கடற்படையில் சேர்ந்து, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் பணி புரிந்தார். கப்பல் வாழ்க்கை ஒருவனுக்குக் கற்பிப்பவை பல. குறித்த நேரத்தில் எழுவது, உடலைக் கட்டுக்குள் வைப்பது, கயிற்றிலும் ஏணியிலும் தடுமாறாமல் ஏறுவது, ஆபத்து வரும்போது பதறாதிருப்பது ஆகிய இவை யாவும் பின்னாளில் அவருடைய நடிப்புக்கு மூலதனமாயின. நாடகக் கொட்டகையிலிருந்தோ நாட்டியப் பள்ளியிலிருந்தோ வராமல், கடலிலிருந்து வந்த நடிகர் அவர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

கடற்படையை விட்டபின் எர்ணாகுளத்தில் சிறு தொழில் நடத்தி வந்த காலத்தில், நடிகர் ஜோஸ் பிரகாஷின் குடும்பத்தோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. அத்தொடர்பின் பயனாக 1974-இல் ஜேசி டைரக்ட் செய்த 'சாபமோட்சம்' படத்தில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. ஜெயன் என்னும் பெயரைச் சூட்டியவரும் ஜோஸ் பிரகாஷே. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. கதாநாயகராக வரத் துடிக்கும் இளைஞர்க்கு அது முதிர்ந்த வயது. எனவே முதற்சில ஆண்டுகள் அவருக்குக் கிடைத்தவை வில்லன் வேடங்களும் துணை வேடங்களுமே. 1976-இல் ஹரிஹரனின் 'பஞ்சமி', 1977-இல் ஐ.வி. சசியின் 'இதா இவிடெ வரெ', 1978-இல் மலையாளத்தின் முதல் சினிமாஸ்கோப் படமாகிய 'தச்சோளி அம்பு' எனப் படிப்படியாக அவர் முன்னேறினார். கதாநாயகரிடம் அடி வாங்கி வீழ்வதே அவருடைய கடமையாக இருந்த படங்களும் உண்டு. ஆனால் வீழும் அந்த மனிதரைக் கொட்டகையில் இருந்தவர் கவனிக்கத் தொடங்கினர்.

1979-ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் திருப்புமுனை. மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் கதையை ஹரிஹரன் 'சரபஞ்சரம்' என்ற பெயரில் படமாக்கினார். செல்வந்தர் வீட்டுக்குக் குதிரைக்காரனாக வேலைக்கு வரும் ஒருவன், அவ்வீட்டுத் தலைவியின் மனத்தைக் கவர்ந்து, பின்னர் தன் உண்மை உருவத்தைக் காட்டுவதே கதை. ஷீலா தலைவியாக நடித்தார். குதிரைக்காரன் நற்பண்புகளின் உறைவிடம் அல்லன். பிற்பகுதியில் அவன் கொடியவனாகவே தோன்றுகிறான். ஆயினும் வெற்றுடம்போடு குதிரைக்கு எண்ணெய் தேய்க்கும் அந்த மனிதனை மக்கள் மறக்கவில்லை. படம் பெருவெற்றி பெற்றது. அரசகுமாரனுக்கு வாய்த்த கண்கவர் அழகு, கூலி பெறும் ஒரு வேலைக்காரனின் உடலுக்கும் உண்டு என்று அப்படம் காட்டிவிட்டது. இது சிறிய மாறுதல் அன்று.

ஜெயனின் திரையுருவம் இவ்விடத்தில் தெளிவாகத் தொடங்குகிறது எனலாம். அகன்ற மார்பு, இறுகிய தாடை, நிமிர்ந்த நடை, அடியகன்ற பெல்பாட்டம் கால்சட்டை ஆகியவை அதன் வெளித்தோற்றம். குரலோ கனத்தது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடுத்து வைப்பது போல நிறுத்திப் பேசுவார். இசையோடு கலந்து இழையும் பேச்சு அவருடையது அன்று, கட்டளையிடும் பேச்சு. சிலர் இதனைச் செயற்கை என்று குறை கூறினர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. நுட்பமான உணர்ச்சிகளைக் காட்டுவதில் சத்தியனுக்கு நிகராக அவரைச் சொல்ல முடியாது. ஆனால் உடல் ஒரு செயலைச் செய்யும்போது அதில் பொய் இருக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தமக்குப் பதிலாக வேறொருவர் குதிப்பதையோ தொங்குவதையோ அவர் பெரும்பாலும் விரும்புவதில்லை. இந்த ஒரு கொள்கையே அவருடைய புகழுக்கு அடித்தளமாயிற்று.

1980-இல் வெளிவந்த 'அங்காடி' இத்திரையுருவத்தின் உச்சம். டி. தாமோதரன் கதை வசனம் எழுத, ஐ.வி. சசி டைரக்ட் செய்த படம் அது. கோழிக்கோட்டுக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் பாபு என்பவனே கதாநாயகன். செல்வச் செருக்குடைய ஒருவன் தொழிலாளரை இழித்துப் பேசும்போது, அதுவரை வாய் திறவாதிருந்த பாபு, பிழையற்ற ஆங்கிலத்தில் அவனுக்கு விடையளிக்கிறான். சுமை தூக்குபவன் பிச்சைக்காரன் அல்லன். அவனுக்கும் மானம் உண்டு என்பதே அவ்விடையின் சாரம். கொட்டகைகளில் எழுந்த ஆரவாரத்தை இன்றும் முதியோர் நினைவுகூர்வர்.

அந்த ஆரவாரத்தின் பொருளை உணர அக்காலத்துக் கேரளத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். சுமைத்தொழிலாளரின் வேலையையும் கூலியையும் நலனையும் முறைப்படுத்தும் கேரளச் சட்டம் 1978-ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கியது. சங்கங்கள் வலுப்பெற்று, தலைச்சுமைக்காரர் தம்மைத் தொழிலாளர் என்று தலை நிமிர்ந்து கூறிக்கொண்ட காலம் அது. படித்து வேலையின்றி இருந்த இளைஞரும் எண்ணற்றவர். பாபுவின் ஆங்கிலம் அவ்விரு சாராரின் மனக்குறைக்கும் ஒரே நேரத்தில் வாய் தந்தது. கோழிக்கோட்டில் நடப்பதாகச் சொல்லப்பட்ட கதை ஆரியசாலைக்கும் பொருந்தும். நெல்லைக்கும் மதுரைக்கும்கூடப் பொருந்தும். கடைத்தெருவின் மனிதன் கதைத்தலைவன் ஆகிவிட்டான். ஆ. மாதவன் எழுத்தில் அமைதியாகச் செய்ததை, ஜெயன் திரையில் முழக்கத்தோடு செய்தார். எழுத்தாளர் அம்மனிதரின் தளர்ச்சியையும் சேர்த்துக் காட்டினார். சினிமா தளர்ச்சியை மறைத்து வலிமையை மட்டும் காட்டியது. இந்த வேற்றுமையை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1979, 1980 ஆகிய ஈராண்டுகளில் ஜெயனுக்கு ஓய்வு என்பதே இருக்கவில்லை. 'வெள்ளாயணிப் பரமு'வில் இத்திக்கரைப் பக்கி என்னும் கள்வனாக வந்தார். இந்தியில் அமிதாப் பச்சன் நடித்த 'ஜஞ்சீர்' படத்தின் மலையாள வடிவமாகிய 'நாயாட்டு', ஜோஷியின் 'மூர்க்கன்', 'மனுஷ்ய மிருகம்', 'சக்தி' எனப் படங்கள் அடுக்கடுக்காக வந்தன. தமிழிலும் அவர் நடித்தார். குமரி மாவட்டத்து எழுத்தாளர் பொன்னீலனின் கதையைத் தழுவி மகேந்திரன் உருவாக்கிய 'பூட்டாத பூட்டுகள்' 1980-இல் வெளிவந்தது. சண்டையும் சாகசமும் இன்றி, கணவன் மனைவி உறவின் சிக்கலைப் பேசும் படம் அது. ஆண்டுகள் இன்னும் சில கிடைத்திருப்பின், இவ்வமைதியான பாதையிலும் அவர் நெடுந்தூரம் சென்றிருக்கக் கூடும் என்று எண்ண இடமுண்டு. ஆனால் மக்கள் அவரிடம் கேட்டது அமைதியை அன்று.

நடிகர் தாமே ஆபத்தான செயல்களைச் செய்வது புதிய வழக்கம் அன்று. 1928-இல் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன், ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் தம்மீது சாய, திறந்திருந்த ஜன்னல் இடைவெளியில் அசையாது நின்று உயிர் தப்பினார். 1935-இல் பம்பாயில் தயாரான 'ஹண்டர்வாலி'யில் நாடியா என்னும் நடிகை சவுக்கும் கையுமாகக் குதிரை மீது பாய்ந்து நாட்டையே வியக்கவைத்தார். காமிரா பொய் சொல்லும் கருவி என்பதை அறிந்த மக்கள், ஒரே ஒரு செயலாவது மெய்யாக இருக்க வேண்டுமென விரும்புகின்றனர். அந்த விருப்பத்தை நிறைவேற்றுபவருக்குப் புகழ் கிடைக்கிறது. ஒருமுறை நிறைவேற்றியவர் அடுத்த முறை அதனினும் பெரிய செயலைச் செய்யக் கடமைப்பட்டவராகிறார். ஜெயன் இக்கடமையை முழு மனத்தோடு ஏற்றார்.

அக்காலத்தில் மலையாளப் படங்களுட் பல சென்னையிலேயே உருவாயின. கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களும், ஒளிப்பதிவாளரும், சண்டைப் பயிற்சியாளரும் இரு மொழிகளுக்கும் பொதுவாக இருந்தனர். இவ்வாறே பி.என். சுந்தரம் டைரக்ட் செய்த 'கோளிளக்கம்' என்னும் படத்தின் இறுதிக் காட்சியைப் படமாக்கச் சென்னைக்கு வடக்கிலுள்ள சோழவரத்தைத் தேர்ந்தெடுத்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கு உண்டு. போருக்குப் பின் மோட்டார் பந்தயங்கள் நடந்த இடமும் அதுவே. மதுவும் சுகுமாரனும் பாலன் கே. நாயரும் நடித்த அப்படத்தில், எம்.ஜி.ஆரோடு வாட்போர் புரிந்து தமிழ் மக்களுக்கு நன்கு அறிமுகமான எம்.என். நம்பியாரும் இடம்பெற்றிருந்தார்.

1980-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள். சுகுமாரன் மோட்டார் சைக்கிளை ஓட்டிச் செல்ல, பின்னிருக்கையில் ஜெயன் எழுந்து நிற்க வேண்டும். தலைக்கு மேல் தாழப் பறக்கும் ஹெலிகாப்டரின் அடிச்சட்டத்தைப் பற்றித் தொங்கி, உள்ளே இருக்கும் எதிரியோடு போரிட வேண்டும். எதிரியாக நடித்தவர் பாலன் கே. நாயர். முதலில் எடுத்த காட்சியே போதுமென்று டைரக்டர் கருதினார். ஜெயனுக்கு மனநிறைவு ஏற்படவில்லை. மறுமுறை எடுக்க வேண்டுமென்று அவரே வற்புறுத்தினார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. மறுமுறை எடுத்தபோது ஹெலிகாப்டர் சமநிலை இழந்து தரையில் மோதியது. உள்ளே இருந்தவர் உயிர் பிழைத்தனர். அடிச்சட்டத்தில் தொங்கியவர் பிழைக்கவில்லை. அவருக்கு வயது நாற்பத்தொன்று.

அவருடைய உடலை விமானத்தில் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு வந்து, அங்கிருந்து கொல்லத்துக்கு எடுத்துச் சென்றனர். இறுதி மரியாதை செலுத்தத் திரண்ட மக்கள் வெள்ளம் அளவிறந்தது. மக்கள் மனம் அந்த இழப்பை எளிதில் ஏற்கவில்லை. அவர் இறக்கவில்லை, அயல்நாட்டில் எங்கோ உயிரோடு இருக்கிறார், ஒரு நாள் திரும்பி வருவார் என்ற வதந்திகள் நெடுநாள் உலவின. திரையில் எத்தனையோ முறை ஆபத்திலிருந்து மீண்டவர், இம்முறை மட்டும் மீளவில்லை என்பதை நம்ப அவர்களால் முடியவில்லை.

'கோளிளக்கம்' 1981-இல் வெளிவந்தது. ஜெயனின் வசனங்களைப் பதிவு செய்யும் வேலை முடியாதிருந்ததால், ஆலப்பி அஷ்ரப் என்பவர் அவருக்காகக் குரல் கொடுத்தார். தம் உடலுக்குப் பதிலாக வேறோர் உடலை ஏற்க மறுத்தவரின் கடைசிப் படத்தில், அவருடைய குரலுக்குப் பதிலாக வேறொருவர் குரல் ஒலித்தது. பின்னாளில் கேரளத்து மிமிக்ரி மேடைகளில் எத்தனையோ கலைஞர் அக்குரலைப் போலி செய்தனர். இளைய தலைமுறை அவரை அறிந்தது முதலில் அவ்வாறே. அதில் கேலியும் உண்டு, அன்பும் உண்டு. ஆனால் குரலையும் உடையையும் நினைவிற் கொண்ட அளவுக்கு, அவர் எவ்வாறு இறந்தார், ஏன் இறந்தார் என்ற கேள்வியை நாம் நினைவிற் கொள்ளவில்லை.

அவருடைய துணிச்சலே காரணம் என்று கூறி நிறுத்திவிடுவது எளிது. அது முழு உண்மை ஆகாது. துணிச்சலை ஒருவர் தருகிறார்; அதனை ஏற்றுக்கொள்ளலாமா, கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியவர் பலர் இருக்கின்றனர். உடலைக் கயிற்றால் பிணைத்துக் காக்கும் ஏற்பாடு, சாகசத்தைத் தொடங்குமுன் இயந்திரத்தையும் காற்றையும் சோதித்தல், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் படைத்த ஒருவர் அருகிருத்தல் ஆகியவை துணிச்சலுக்குப் பகையல்ல. 1982-ஆம் ஆண்டு ஜூலையில், அமெரிக்காவில் படப்பிடிப்பின்போது ஒரு ஹெலிகாப்டர் வீழ்ந்து, நடிகர் ஒருவரும் இரு குழந்தைகளும் மாண்டனர். அதே மாதத்தில் பெங்களூரில், 'கூலி' என்னும் இந்திப் படத்தின் சண்டைக் காட்சியில் அமிதாப் பச்சன் படுகாயமுற்று, உயிருக்குப் போராடி மீண்டார். அவரும் அப்படத்தில் ஏற்ற வேடம் சுமைத்தொழிலாளியே.

இவர்கள் யாவரும் பெயர் பெற்றவர். பெயரற்றவர் நிலை என்ன? நட்சத்திரத்துக்காகக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்பவர், தீயில் புகுபவர், உருளும் காருக்குள் இருப்பவர் ஆகிய ஸ்டண்டு நடிகர்களின் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. 2025-ஆம் ஆண்டு ஜூலையில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் தமிழ்ப் படம் ஒன்றின் கார் சாகசக் காட்சியில் ஒரு ஸ்டண்டு கலைஞர் உயிரிழந்தார். சோழவரத்துக்குப் பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றும் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை என்பதை இது உணர்த்துகிறது. கொட்டகையில் இருந்து கைதட்டும் நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மேலும் மேலும் பெரிய ஆபத்தைக் கேட்பவர் நாமே.

பழைய திருவிதாங்கூர்ச் சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இரு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். பிறர் உதவியின்றித் தலைச்சுமையை இறக்கி வைத்து, இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொள்ள அது துணை செய்யும். சுமப்பவன் எவ்வளவு வலியவனாயினும் அவனுக்கு ஓர் ஓய்விடம் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். வலியவன்தானே, தாங்கிக்கொள்வான் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. கடைத்தெருவின் மனிதனுக்குத் திரையில் பெருமை தேடித் தந்த ஜெயனுக்கு, சோழவரத்து ஓடுதளத்தில் அத்தகைய கல் ஒன்றை நாட்டி வைப்பார் எவரும் இல்லை. இனி வரும் கலைஞர்களுக்கேனும் அதனை நாட்டி வைப்பது, அவரை நினைத்துப் போற்றும் நம் அனைவரின் கடமையாகும்.